உலைக்கு ஒரு பொது வாசல்

பெங்களூர் சிவாஜிநகரில் செப்டம்பர் மாதத்தின் முதல் வாரம் தமிழ் வாரம். தூய மரியன்னை பேராலயத்தின் திருவிழா 8ஆம் தேதி உச்சத்துக்கு வரும்போது, சேலை உடுத்திய மாதாவைத் தேரில் பார்க்க வரும் கூட்டத்தில் மதம் பார்த்துப் பிரிக்க முடியாது. மொழி பார்த்துப் பிரிக்கலாம் என்றால், பாதிக் கூட்டம் தமிழில் வேண்டிக்கொள்ளும், மீதி உருதும் கன்னடமும் பேசும். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர்கள் கூரை வேய்ந்து எழுப்பிய சிறு கோயிலில் தொடங்கியது இந்த ஆலயத்தின் கதை. இப்போது நிற்கும் கோதிக் பாணிக் கட்டடம் 1882 செப்டம்பர் 8இல் திறக்கப்பட்டது.

அந்தக் கட்டடத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்குத் தனியாக ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு விழுந்தால் நொறுங்கிவிடுமே என்று அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1947இல் மீண்டும் பொருத்தினார்கள். இதை எல்லோரும் பக்தியின் கதையாகச் சொல்வார்கள். இதற்குள் தொழிலின் கதையும் இருக்கிறது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் கோத்துச் செய்த ஜன்னலைக் கழற்றவும், வைத்துக் காக்கவும், மறுபடி பூட்டவும் தெரிந்த கைகள் அன்று யாருக்கோ இருந்திருக்கின்றன. ஈயத்துக்கும் ஆயுள் உண்டு. நூறு வருடத்தை ஒட்டி அது தளரும். கண்ணாடி வெளிப்பக்கமோ உள்பக்கமோ பிதுங்கும். அப்போது துண்டு துண்டாகப் பிரித்து, புதிய ஈயம் கட்ட வேண்டும். கொல்கத்தாவிலிருந்து சென்னை வரை 19ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அந்தக் கைகளை இன்று ஓர் இளைஞன் எங்கே போய்ச் சம்பாதித்துக்கொள்வது?

கண்ணாடிக்குப் பஞ்சமே இல்லாத ஊரில்தான் இந்தக் கேள்வி எழுகிறது. 1889இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்து லால்பாகில் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டிய ஊர் பெங்களூர். கணினி வந்த பிறகு மாடிக்கு மாடி கண்ணாடி உடுத்திக்கொண்ட ஊரும் அதுதான். ஆறு மணி நேரப் பயண தூரத்தில், ஸ்ரீபெரும்புதூரில், 2000ஆம் ஆண்டிலிருந்து செயின்ட் கோபைன் தொழிற்சாலை பாளம் பாளமாகக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பொருளாகக் கண்ணாடி எங்கும் கிடைக்கிறது. தொழிலாக, அதிலும் கலையாக, அதைக் கற்றுக்கொள்ள வாசல்தான் தேட வேண்டியிருக்கிறது.

பழைய காலத்தை நினைத்தால் இது இன்னும் விசித்திரம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள்தான் பெரிய செய்தியாகின. ஆனால் அந்த மண்ணில் அள்ள அள்ளக் கிடைத்தவை கண்ணாடி மணிகள். உருகிய கண்ணாடியை நீளமான குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூட்டில் புரட்டி முனை மழுக்கிய சின்னஞ்சிறு மணிகள். இதே வகை மணிகள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை கிடைத்திருக்கின்றன. திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் ஏறக்குறைய அதே முறையில் மணி இழுப்பதை ஆய்வாளர்கள் 20ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்துப் பதிவு செய்தார்கள். அப்படியானால் வித்தை சாகவில்லை. சில குடும்பங்களுக்குள், சில உலைகளுக்குள் ஒதுங்கிக்கொண்டது. குடும்பம் தொழிலை விட்டால் வித்தையும் போய்விடும்.

கண்ணாடிக்கு இப்படி ஒதுங்கும் குணம் உண்டு. அதற்குக் காரணம் உலை. மணலை மட்டும் உருக்குவதென்றால் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடா சாம்பலைச் சேர்த்தால் அந்தச் சூடு இறங்கும். சுண்ணாம்பைச் சேர்த்தால் கண்ணாடி தண்ணீருக்குக் கரையாமல் நிற்கும். அப்போதும் வேலைக்கு 1,100 டிகிரிக்குக் குறையாத உலை தேவை. வேலை முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. உலை ஆறினால் உள்ளே இருக்கும் மூசை விரிசல் விடும். அதனால் இரவும் பகலும் எரிய வேண்டும். செய்த பொருளையும் அப்படியே மேஜையில் வைக்கக் கூடாது. வெளிப்பக்கம் ஆறி உள்பக்கம் ஆறாமல் இருந்தால் தானாகவே வெடிக்கும். 500 டிகிரி அளவில் இன்னொரு சூளையில் வைத்து மெதுவாக ஆற்ற வேண்டும். ஒரு குவளைக்குச் சில மணி நேரம். கனமான சிற்பத்துக்கு வாரக்கணக்கு.

ஓவியம் கற்பவனுக்கு ஒரு காகிதமும் கரித்துண்டும் போதும். கவிதைக்கு அதுவும் வேண்டாம். கண்ணாடி கற்பவனுக்கு அணையாத உலை வேண்டும், கூட மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஊதுகுழலைச் சுழற்ற, ஒருவர் மறுபடி சூடேற்ற, ஒருவர் கதவைத் திறந்து மூட. சிற்பத்துக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான். களிமண்ணில் உருவம் செய்வது ஒருவர் வேலை. அதையே கல்லிலோ வெண்கலத்திலோ கொண்டுவர இடம், கருவி, எரிபொருள், தூக்க ஆள் என்று ஒரு சிறு கூட்டமே வேண்டும். ஆகவே இந்த இரண்டு கலைகளிலும் தனி மனிதனின் திறமையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: உலை யாருடையது?

நெடுங்காலம் அது முதலாளியுடையதாகவோ அரசுடையதாகவோ இருந்தது. வெனிஸ் குடியரசு 1291இல் கண்ணாடி உலைகளை மொத்தமாக முரானோ தீவுக்கு அனுப்பியது. தீ விபத்து பயம் என்பது சொன்ன காரணம். ஆனால் தொழில் ரகசியம் தெரிந்தவர்கள் ஊரை விட்டு வெளியேறவும் தடை இருந்தது. பிற்காலத்தில் தீவுக்குப் பதில் தொழிற்சாலைச் சுவர் வந்தது. கலைஞர் காகிதத்தில் வரைந்து தருவார், தொழிலாளி ஊதித் தருவார். வரைந்தவருக்கு ஊதத் தெரியாது, ஊதியவரின் பெயர் பொருளில் இருக்காது.

இந்தச் சுவரில் ஓட்டை விழுந்தது 1962இல், அமெரிக்காவில் டொலீடோ நகர அருங்காட்சியகத்தின் வளாகத்தில். ஹார்வி லிட்டில்டன் மட்பாண்டக் கலை ஆசிரியர். கண்ணாடித் தொழில் ஆராய்ச்சியில் இருந்த இயற்பியலாளரின் மகன். ஒரு கலைஞர் தன் சொந்தப் பட்டறையிலேயே கண்ணாடியை உருக்கி வேலை செய்ய முடியுமா என்று பார்க்க மார்ச் மாதம் ஒரு சிறு பயிலரங்கு நடத்தினார். முதல் முயற்சி தோல்வி, மூசை உடைந்தது. கண்ணாடித் தொழிற்சாலை நிபுணரான டொமினிக் லபீனோ உலையை மாற்றியமைக்கச் சொன்னார், எளிதாக உருகும் கண்ணாடிக் குண்டுகளையும் தந்தார். கண்ணாடி உருகியது, எப்படி ஊதுவது என்பது கூடியிருந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. ஹார்வி லீஃப்கிரீன் என்ற, ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஊதுகுழல்காரர் ஒருவர் வந்து செய்து காட்டினார். ஒரு பேராசிரியர், ஒரு விஞ்ஞானி, ஒரு தொழிலாளி. மூவரும் ஒரே கொட்டகையில் நின்ற பிறகுதான் அந்தக் கலை தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இன்று உலகெங்கும் நடக்கும் கண்ணாடிக் கலைப் பட்டறைகளுக்கு மூலம் அந்தக் கொட்டகை.

அங்கிருந்து வளர்ந்த வரிசையைப் பாருங்கள். லிட்டில்டனிடம் விஸ்கான்சினில் படித்த டேல் சிஹூலி, 1971இல் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் கோடையில் மாணவர்கள் மழையில் கூடாரம் அடித்துத் தங்கி, தாங்களே உலை கட்டினார்கள். 1977இல் நியூயார்க்கில் சில கலைஞர்கள் சேர்ந்து, சொந்த உலை இல்லாதவர்களும் வந்து வேலை செய்யும்படி ஒரு பொதுப் பட்டறையை ஏற்படுத்தினார்கள். 1994இல் டகோமா நகரின் ஹில்டாப் பகுதியில், அப்போது ரவுடிக் கும்பல்களுக்குப் பெயர்போன வட்டாரத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி ஊதக் கற்றுத்தரும் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளை ஈர்த்ததில் அழகுக்கு ஒரு பங்கு, நெருப்புக்கு ஒரு பங்கு. தனியாக எவனும் வீரம் காட்ட முடியாத வேலை என்பது அவர்களுக்குக் கிடைத்த மூன்றாவது பாடம்.

சிஹூலியின் வாழ்க்கையே இதற்கு உதாரணம். 1976இல் இங்கிலாந்தில் ஒரு கார் விபத்தில் இடது கண் பார்வை போயிற்று. 1979இல் தோள்பட்டை விலகியது. ஊதுகுழலைத் தூக்குவதை விட்டார். அதன் பிறகும் அவர் புகழ் கூடிக்கொண்டே போனது. அவர் வரைவார், சொல்வார், குழு ஊதும். அந்தக் குழுவுக்கு வேண்டிய கைகளைப் பில்சக் போன்ற பள்ளிகள் தயார் செய்துவைத்திருந்தன. கற்றுக்கொடுத்தது தர்மம் என்று நினைத்தவருக்கு அதுவே பிற்காலத்தில் பிழைப்பாகவும் ஆனது.

இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிற்பத்தில் இதே பயணத்தை நாமும் போயிருக்கிறோம். தமிழ்நாட்டில் சிற்பம் குடும்ப வித்தை. தந்தை மகனுக்குச் சொல்வார், மாமன் மருமகனுக்குச் சொல்வார். அந்த முறையின் பலம் பெரியது. ஆயிரம் ஆண்டுக் கோயில்கள் சாட்சி. பலவீனமும் அதிலேயே இருந்தது. கை நன்றாக இருந்து குலம் வேறாக இருந்தவனுக்கும், அதே குலத்தில் பெண்ணாகப் பிறந்தவளுக்கும் பட்டறைக்குள் இடமில்லை. 1957இல் அரசு மாமல்லபுரத்தில் சிற்பப் பள்ளியைத் தொடங்கி, வைத்தியநாத ஸ்தபதியையும் பிறகு அவர் மகன் கணபதி ஸ்தபதியையும் தலைமையில் அமர்த்தியபோது, குடும்பத்தின் வித்தை வகுப்பறைக்கு வந்தது. 133 அடி வள்ளுவரைக் கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு பிறந்த அன்று நாடே பார்த்தது. அதைச் செய்த கணபதி ஸ்தபதி அதற்கு முன்பு கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பள்ளியில் பாடம் சொன்னவர் என்பதைப் பார்த்தவர்கள் குறைவு.

சென்னையில் இதற்கு இன்னொரு கிளை. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி, 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகு வேறு தினுசானது. மெரினாவின் உழைப்பாளர் சிலை அவருடையது. அவர் மாணவர் எஸ். தனபால். 1919இல் பிறந்து, அந்தப் பள்ளியிலேயே ஓவியம் படித்து, ஆசிரியராகி, சிற்பத்துக்குத் திரும்பி, 1970களில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கையில் பட்டு வெளியே போன மாணவர்களின் பட்டியலைப் போட்டால் அது தமிழ்நாட்டு நவீனக் கலையின் பட்டியலாக இருக்கும். கீராம்பூரிலிருந்து வந்த ஆதிமூலம் அவர்களில் ஒருவர். 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்ற தலைப்பில் தனபால் தன் நினைவுகளைத் தமிழில் விட்டுச் சென்றிருக்கிறார். 2000இல் மறைந்தபோது அவர் செய்த சிற்பங்களின் எண்ணிக்கை, அவர் உருவாக்கிய சிற்பிகளின் புகழுக்கு ஈடாக இல்லை.

இந்த இடத்தில்தான் ஆசிரியக் கலைஞரின் சங்கடம் தொடங்குகிறது. கற்றுக்கொடுப்பது காலத்தைத் தின்னும். மாணவன் களிமண்ணைத் தவறாகப் பிசைவதைக் காலை முழுக்கப் பார்த்தவருக்கு மாலையில் தன் களிமண்ணைத் தொட மனம் வராது. லிட்டில்டன்கூட 1970களில் பல்கலைக்கழக வேலையை விட்டு விலகித் தன் பட்டறைக்குப் போனார். மறுபக்கம், கற்றுக்கொடுக்காமல் செய்துகொண்டே இருப்பவரிடம் மாணவன் கற்பது அதிகம் என்பதும் உண்மை. சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பெய்ஜ் 1938இல் சந்தால் குடும்பச் சிற்பத்தைத் திறந்தவெளியில் செய்தார். வெண்கலத்துக்குப் பணமில்லை. சிமெண்டையும் செம்புறாங்கல் பொடியையும் குழைத்து எறிந்து எறிந்து உருவாக்கினார். நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்தப் பள்ளிக்குக் கதவு இருந்திருந்து, அந்தக் கதவுக்குக் குலத்தின் பெயரால் பூட்டும் இருந்திருந்தால், இந்திய நவீனச் சிற்பத்தின் முதல் அத்தியாயம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். மாணவர்கள் சுற்றி நின்று பார்க்க அவர் வேலை செய்தார். அவர் பாடம் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. அவரிடம் கற்ற சங்கோ சௌத்ரி பரோடாவுக்குப் போய் அங்கே சிற்பத் துறையை வளர்த்தார். பள்ளி ஒன்று இன்னொரு பள்ளியைப் பெற்றது.

பெங்களூருக்கும் இந்த வம்சம் வந்தது. 1960இல் எம்.எஸ். நஞ்சுண்ட ராவ் சித்ரகலா பரிஷத்தைத் தொடங்கினார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ஆர்.எம். ஹடபத் கென் கலைப் பள்ளியைத் தொடங்கினார். பெரிய வளாகமோ பெரிய பணமோ இல்லாமல், ஓர் ஆசிரியரின் பிடிவாதத்தை நம்பி நின்ற பள்ளி அது. ஷீலா கௌடா 1979இல் அங்கே ஓவியம் முடித்தார். பிறகு சாந்திநிகேதனுக்கும் லண்டனுக்கும் போனார். திரும்பி வந்து ஓவியத்தை விட்டு, சாணத்திலும் நூலிலும் ஊசியிலும் உலகம் பேசும் சிற்பங்களைச் செய்தார். சென்னைக் கலைக்கல்லூரியில் சிற்பம் படித்த பாலன் நம்பியார் பெங்களூரிலேயே தங்கி எஃகைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். சென்னையும் பெங்களூரும் கலையில் பேசிக்கொள்வதற்குக் காவிரி ஒரு தடையாக இருந்ததே இல்லை.

ஆனால் இந்தப் பள்ளிகளின் பாடப் பட்டியலைப் பார்த்தால் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, மட்கலை, துணி வடிவமைப்பு என்று போகும். சென்னைக் கல்லூரியின் பட்டியலும் அப்படித்தான். கண்ணாடிக்கென்று அங்கே தனித் துறை இல்லை. கல்லுக்கும் செம்புக்கும் கிடைத்த வகுப்பறை கண்ணாடிக்குக் கிடைக்கவில்லை.

வடக்கே கண்ணாடிக்கு ஓர் ஊர் இருக்கிறது: ஃபிரோசாபாத். நாட்டின் கைவளையல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. தாஜ்மகாலைப் புகை கெடுக்கிறது என்ற வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்த வட்டாரத்து உலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறும் கட்டாயம் வந்தது. அந்த ஊரின் சிறுவர் சிறுமியர் எரியும் உலைக்கு அருகே வேலை செய்த கதை, நாடு பலமுறை படித்து மறந்த கதை. வித்தை அங்கே குவிந்திருக்கிறது. கூலிக்காக அதைக் கற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும் என்று நினைத்தால் அதில் தவறு காண முடியாது. டெல்லியில் ரேஷ்மி டே 'கிளாஸ் சூத்ரா' என்ற பட்டறையைத் தொடங்கி, கண்ணாடி ஊதுவதை வெளியாருக்கும் கற்றுக்கொடுக்க முன்வந்தார். இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய முயற்சிகள் தவிர, கலைஞர்கள் பெரும்பாலும் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டிய நிலைதான். 1962க்கு முன் அமெரிக்கர்கள் நின்ற அதே வாசல்.

தெற்கே இதற்கு வழி இல்லையா? இருக்கிறது என்பதற்கு இரண்டு சாட்சிகள் தமிழ் மண்ணிலேயே உண்டு. ஒன்று, சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணியும் உலோகக் கைவினையும் விற்றுச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். அன்றாடச் சோற்றுக்குக் கைவினை, மீதிப் பொழுதில் கலை என்பது ஏற்பாடு. கோயில் கவச வேலையை நினைவூட்டும் பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்கள் போன்றவை அந்தத் தலைமுறையின் கொடை. அரசு மானியத்துக்குக் காத்திராமல் கலைஞர்களே பொதுவாக ஓர் இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியும் என்று அது காட்டியது.

இன்னொன்று, புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டப் பட்டறை. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971இல் தொடங்கியது. பட்டம் கிடையாது. பெரிய கட்டடம் கிடையாது. சக்கரம், சூளை, விறகு. செய்துகொண்டே கற்றுக்கொடுத்த இரண்டு பேர். ஒரு பக்கம் உள்ளூர்த் தொழிலாளர்கள் விற்பனைக்குப் பாத்திரம் செய்தார்கள். அந்த வருமானம் பட்டறையை நடத்தியது. மறுபக்கம் மாணவர்கள் வந்து தங்கிக் கற்றார்கள். இன்று இந்தியாவில் மட்கலையில் பெயர் சொல்லும் பலர் அந்தச் சூளையின் பக்கத்தில் நின்றவர்கள். அரிக்கமேடு அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம். மண்ணுக்கு நடந்தது கண்ணாடிக்கும் நடக்கலாம்.

நடப்பதற்குத் தேவையான அறிவில் பாதி நம் பக்கம் ஏற்கனவே இருக்கிறது. கண்ணாடியில் சிற்பம் செய்யும் முக்கியமான முறை, சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்புக்கு உடன்பிறப்பு. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்கிறார்கள். காவிரி வண்டலைப் பூசிக் கருக்கட்டுகிறார்கள். சூடேற்றி மெழுகை வெளியேற்றுகிறார்கள். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். கண்ணாடிச் சிற்பிக்கு வண்டலுக்குப் பதில் சூடு தாங்கும் பிளாஸ்டர் கலவை. உலோகத்துக்குப் பதில் கண்ணாடித் துண்டுகள், சூளைக்குள்ளேயே உருகி நிரம்பும். வித்தியாசம் ஆற்றுவதில்தான். வெண்கலத்தை ஆறியதும் உடைத்து எடுக்கலாம். கண்ணாடிக்கு நாள்கணக்கில் பொறுமை வேண்டும். சுவாமிமலைக் கையையும் கண்ணாடிச் சூளையையும் ஓர் அறையில் சேர்த்துவைக்க ஒரு பள்ளி இருந்தால், இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

சிவாஜிநகர் போன்ற ஒரு வட்டாரத்துக்கு அப்படிப் பட்டறை பொருந்துமா என்றால், அதற்கு எதிராகச் சொல்லத்தான் காரணம் தேட வேண்டும். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி பாகம் விற்கும் கடைகளிலும் நகைப் பட்டறைகளிலும் நெருப்புக்கும் உலோகத்துக்கும் பயப்படாத கைகள் அங்கே இருக்கின்றன. சற்றுத் தள்ளி பாட்டரி டவுனில் பல தலைமுறைகளாகப் பானை வனைந்தும் களிமண் பிள்ளையார் செய்தும் வரும் குடும்பங்கள் இருக்கின்றன. சிற்பம் அவர்களுக்குப் பாடப் பொருளாக வந்ததில்லை. ஆவணி மாதத்து வருமானமாக வந்தது. இந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு நுண்கலைக் கல்லூரி என்பது நாலு வருடச் செலவு, நுழைவுத் தேர்வு, ஆங்கிலம். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் கற்கலாம், அது பிழைப்பு. இரண்டுக்கும் நடுவில், மாலையில் இரண்டு மணி நேரம் வந்து கற்றுப் போகும் படி ஒன்று இல்லை. சமூகப் பட்டறைப் பள்ளி என்று மற்ற நாடுகளில் சொல்வது அந்த நடுப்படியைத்தான்.

பெங்களூரில் சனி, ஞாயிறு வகுப்புகளுக்குக் குறைவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி, ஏப்ரன் அணிந்து, ஒரு பானையோ ஒரு கண்ணாடித் தட்டோ செய்து, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வகுப்புகள். அவற்றைக் கேலி செய்ய வேண்டாம். உலையின் எரிவாயு கட்டணத்தை அந்தப் பணம்தான் கட்டும். நியூயார்க்கிலும் அப்படித்தான் கட்டுகிறார்கள். கேள்வி, அந்தப் பணத்தில் எரியும் உலைக்கு முன்னால் திங்கள் முதல் வெள்ளி வரை யார் நிற்கிறார்கள் என்பது. வாரக் கடைசி மாணவர் கொடுத்துவிட்டுப் போகும் கட்டணத்தில் வார நாள் மாணவன் இலவசமாகக் கற்றால் அது பள்ளி. இல்லாவிட்டால் அது பொழுதுபோக்குக் கடை.

ஆசிரியரின் பங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனபால் தலைமுறைக்கு அரசுச் சம்பளம் இருந்தது. ஆனால் சொந்த வேலைக்குப் பொழுது மிஞ்சவில்லை. சோழமண்டலத் தலைமுறைக்குப் பொழுது இருந்தது, சம்பளம் இல்லை. ஹடபத் போன்றவர்களுக்கு இரண்டும் குறைவு. ஆசிரியருக்குப் பாதி நாள் கற்பிப்பும் பாதி நாள் தன் வேலைக்கு அதே உலையும் என்று ஒப்பந்தம் செய்தால் இரண்டு நஷ்டமும் பாதியாகும். அவர் வேலை செய்வதை மாணவன் பார்ப்பது மூன்றாவது லாபம். டொலீடோ கொட்டகைக்கு வந்த லீஃப்கிரீன் போல, பட்டம் பெறாத கைத்தொழிலாளிக்கும் ஆசிரியர் என்ற பெயரும் ஆசிரியருக்கான சம்பளமும் கிடைக்க வேண்டும். ஃபிரோசாபாத்தின் ஊதுகுழல்காரரும் சுவாமிமலையின் மெழுகுக்காரரும் பேராசிரியர் நாற்காலியில் உட்கார முடியாமல் போவதற்கு இப்போதைய ஒரே காரணம் சான்றிதழ்.

பெங்களூர்த் தமிழர்களுக்குச் சிலையின் மதிப்பு தெரியும். அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியபடியே இருந்து, 2009 ஆகஸ்ட் 9இல்தான் வெளிச்சம் பார்த்தது. அந்த 18 ஆண்டுகளில் எத்தனை கூட்டங்கள், எத்தனை தீர்மானங்கள், எத்தனை தலைவர்களின் கடிதங்கள்! சிலையை யார் திறப்பது, எப்போது திறப்பது என்பதில் இரண்டு மாநிலங்கள் காட்டிய அக்கறையில் நூறில் ஒரு பங்கை, அடுத்த சிலையைச் செய்யும் கையை யார் பழக்குவது என்பதில் காட்டியிருந்தால் ஒரு பட்டறையாவது எழுந்திருக்கும். சிலைக்குப் பீடம் கட்ட நன்கொடை தர ஆள் உண்டு. உலைக்குக் கூரை போட நன்கொடை கேட்டால், பெயர்ப் பலகை எங்கே வைப்பீர்கள் என்பார்கள்.

உலை எரியத் தொடங்கிய பிறகு அதை அணைப்பதுதான் கஷ்டம் என்று கண்ணாடிக்காரர்கள் சொல்வதில் தொழில் நுணுக்கம் இருக்கிறது. ஆறவிட்டு மறுபடி ஏற்றினால் மூசை தாங்காது; செலவும் இரட்டிப்பு. ஒரு பள்ளியும் அப்படித்தான். ஆரவாரமாகத் திறந்து ஒரு வருடத்தில் மூடுவதைவிட, சிறியதாகத் தொடங்கிப் பத்து வருடம் அணையாமல் வைத்திருப்பது உத்தமம். 1850இல் ஹன்டர் தொடங்கியது ஒரு மருத்துவரின் சொந்த முயற்சியாகத்தான். 1962இல் டொலீடோவில் இருந்தது ஒரு கொட்டகை. 1971இல் புதுச்சேரியில் இருந்தது இரண்டு பேரும் ஒரு சூளையும். முதல் மாணவன் உள்ளே வந்து சூட்டுக்குப் பயந்து இரண்டடி பின்வாங்கி, பிறகு மறுபடி முன்னால் வர, ஒரு வாசல் திறந்திருந்தால் போதும். அடுத்த நூறு வருடத்துக்கு ஈயம் கட்டத் தெரிந்தவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.